தாள் புரட்டும் பிள்ளைகளுக்கு

அருப்புக்கோட்டையிலும், பந்தல்குடி, பாலவநத்தம், திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் உள்ள ஊர்களிலும் படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரைந்துவிட்டுப் போகிறவர்கள் நீங்கள். மற்றவர்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாடும் ஆளும் வரைந்து வைத்திருப்பீர்கள் என்று தெரியும். எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வீட்டில் அம்மா அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் வழவழப்பான ஒரு நோட்டீஸ். அனிமேஷன் படிப்பு, இரண்டு வருஷம், மூன்று லட்சத்துக்குப் பக்கம் பணம், படித்து முடித்ததும் வேலை என்று அச்சடித்திருந்தது. "இதுலதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் தாயி. கழுத்துல கிடக்கிறத வச்சா பாதி தேறும். மீதிக்கு வட்டிக்குத்தான் வாங்கணும். நீ அந்த வேலை பாத்தவ. சேத்துவிடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. சேர்க்காதீர்கள் என்று சொன்னால் அந்தப் பையனின் ஆசையில் மண்ணைப் போட்டவளாவேன். சேருங்கள் என்றால் அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் அவரிடம் பேசினேன். பேசியதையும் பேச விட்டுப்போனதையும் இதில் எழுதுகிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். எங்கள் தெருவில் விடிந்தால் தறிச் சத்தம்தான். அப்பா ஜக்கார்டு அட்டை குத்துகிறவர். கிராப் தாளில் மாங்காய் புட்டா வரைந்திருக்கும். கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே வந்து, எந்தக் கட்டத்தில் நிறம் விழுகிறதோ அதற்கு நேராக அட்டையில் ஓட்டை போடுவார். தறியில் ஏற்றிய பிறகு, ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே ஏறும், அதோடு பாவு இழை எழும்பும். ஓர் ஊடு இழைக்கு ஓர் அட்டை. விரற்கடை அளவு மாங்காய்க்கே அறுபது எழுபது அட்டை வேண்டும். முந்திக்கென்றால் நூற்றுக்கணக்கில். அத்தனையையும் வரிசை தப்பாமல் கயிற்றில் கோத்து மாலை மாதிரி தொங்கவிட வேண்டும். ஓர் அட்டை இடம் மாறினாலும் மாங்காயின் மூக்கு உடைந்துவிடும்.

வீணாய்ப்போன கிராப் தாள்களை அப்பா எனக்குக் கொடுத்துவிடுவார். அவற்றின் ஓரத்தில் ஒரு சேவலை வரைந்தேன். அடுத்த தாளில் அதே சேவல், கழுத்து கொஞ்சம் உயரமாக. அடுத்ததில் வாய் திறந்து. கட்டாகப் பிடித்துப் புரட்டினால் சேவல் கூவியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்குப் பிடித்தது இன்றுவரை விடவில்லை.

பிறகு சென்னைக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் 'இன்-பிட்வீன்' போடும் வேலையில் சேர்ந்தேன். இடைப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்கான கார்ட்டூன் தொடர்கள். அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசை, மேசையில் மூன்று முளை வைத்த ஒரு பட்டை: நடுவில் உருண்டை, இரண்டு பக்கமும் தட்டை. அதற்கேற்பத் துளையிட்ட தாள்களை அதில் மாட்டினால் நூலளவும் நகராது. மூத்த கலைஞர் முதல் படத்தையும் ஒன்பதாவது படத்தையும் வரைந்து கொடுப்பார். முதல் படத்தில் கை தொங்கிக்கொண்டிருக்கும், ஒன்பதாவதில் கை தலைக்கு மேல். நடுவில் உள்ள ஏழையும் நாம் போட வேண்டும். முதலில் ஐந்தாவது படம், அப்புறம் மூன்றும் ஏழும், அதற்குப் பிறகுதான் மற்றவை.

நான் முதல் நாள் போட்டதை மூத்த அக்கா ஒருவர் விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "பாதி வழியில கை சுருங்கிப்போச்சு பார்" என்றார். தொங்கிய கைக்கும் தூக்கிய கைக்கும் நடுவே நேர்கோடு போட்டு அளந்து வரைந்திருந்தேன். கை நேர்கோட்டில் போகாது, தோளை நடுவாக வைத்து வளைந்து போகும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவரை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த வளைவை ஒருநாளும் கவனித்ததில்லை. அந்த அக்கா சொன்ன பிறகு, ஊருக்கு வந்தபோதெல்லாம் நாடா தள்ளும் கை, பூக்கட்டும் விரல், முள்ளு வெட்டும் அரிவாள் என்று வளைவாகவே கண்ணில் பட்டது. அனிமேஷன் எனக்குக் கற்றுத் தந்தவற்றில் முதலாவதும் பெரியதும் அதுதான்.

அந்த ஸ்டுடியோவில் ஐந்து வருஷம் இருந்தேன். ஒருநாள் காலையில் போனபோது கதவு பூட்டியிருந்தது. நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. சில பேர் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போனார்கள். நான் ஊருக்கு வந்து, சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கும் வேலையில் உட்கார்ந்தேன். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு உங்களை இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த வேலையில் ஒருவர் எப்படி நிலைத்து நின்றார் என்பதைச் சொல்கிறேன்.

அவர் பெயர் ராம் மோகன். 1931இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் வாங்கியவர். சோதனைச் சாலையில் வேலை பார்த்திருக்க வேண்டிய ஆள், 1956இல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷன் என்னும் அரசுப் படப் பிரிவின் கார்ட்டூன் பகுதியில் சேர்ந்தார். அப்போது அது புதிதாக முளைத்துக்கொண்டிருந்த பகுதி. கற்றுத் தர அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் கிளேர் வீக்ஸ் என்பவர் வந்திருந்தார். வால்ட் டிஸ்னியிடம் வேலை செய்தவர். 'பாம்பி', 'பீட்டர் பேன்' படங்களில் அவர் கை பட்டிருக்கிறது. சமய ஊழியம் செய்ய வந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் இந்தியாவிலேயே பிறந்தவர் என்பதால் நம் வெயிலும் மரமும் அவருக்குப் புதிதில்லை.

அந்தக் குழு செய்த முதல் படம் 1957இல் வந்த 'பன்யன் டீர்'. ஆலமரத்து மான் என்று சொல்லலாம். புத்த ஜாதகக் கதை. அரசனின் வேட்டைக்கு முறைவைத்து மான்கள் பலியாகின்றன. சினைமானின் முறை வரும்போது மான்களின் தலைவன் தன் கழுத்தை நீட்டுகிறது. படத்தில் டிஸ்னியின் பாணி தெரியும், அதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. கற்றுக்கொள்கிறவர்கள் வாத்தியார் கையெழுத்தில்தான் முதலில் எழுதுவார்கள். ஆனால் கதை இந்த மண்ணின் கதை. அந்தக் காலத்தில் எல்லாத் தியேட்டரிலும் படம் தொடங்குவதற்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் ஓட்டியே ஆக வேண்டும். உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், 'நியூஸ் ரீல்' என்று சொல்வார்.

அங்கே ராம் மோகன் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். குடும்பக் கட்டுப்பாடு, சுகாதாரம், சேமிப்பு என்று அரசாங்கம் எதைச் சொல்லச் சொன்னதோ அதையெல்லாம் படமாக்குகிற இடம் அது. 1968இல் பிரசாத் புரொடக்‌ஷன்ஸ் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை. 1972இல் 'ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ்' என்று சொந்தமாக ஒரு கடை. சோறு போட்டது விளம்பரப் படங்கள்தான். இந்த வருஷங்களில் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' ஆகிய படங்களுக்குச் சிறு சிறு அனிமேஷன் துண்டுகள் செய்தார். ராயின் படத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்திய ராஜ்யங்களை ஒவ்வொன்றாக விழுங்கிய வரலாறு சில நிமிடக் கார்ட்டூனில் வந்து போய்விடுகிறது. புத்தகத்தில் பத்துப் பக்கம் படிக்க வேண்டிய சங்கதி. 1972இல் 'யூ செட் இட்', 1983இல் 'ஃபயர் கேம்ஸ்' என்னும் குறும்படங்களுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இதற்குள் அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் வரைந்து பெயர் வாங்கிய பெரிய வேலை எதுவும் இன்னும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்கிற நோட்டீஸைக் கையில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள்.

நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கிற கார்ட்டூன் எப்படிப் பிறந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 'டாம் அண்ட் ஜெர்ரி'யைச் செய்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்தில் இருந்தவர்கள். ஏழு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தவர்கள். 1957இல் அந்த நிறுவனம் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. இருவரும் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷமே சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே ஐந்து நிமிடப் படத்துக்குக் கிடைத்தது சுமார் 3,000 டாலர். அவர்கள் முன்பு செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வரைய வேண்டும். பத்து நிமிடத்துக்கு 7,200. அந்தப் பணத்தில் நடக்கிற காரியமா? அதனால் உடம்பை ஒரு தாளில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் தனித்தாளில் மாற்றினார்கள். பேசும்போது வாயை மட்டும். அவர்கள் செய்த யோகி கரடியின் கழுத்தில் ஒரு காலரும் டையும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கரடிக்கு எதற்குக் காலர்? தலைத்தாளும் உடம்புத்தாளும் சேருகிற ஒட்டு தெரியக் கூடாதே, அதற்குத்தான். புட்டாவுக்கு அட்டை குறைக்க வேண்டுமென்றால் என் அப்பா பூவின் பாதியை மட்டும் குத்தி, அதையே திருப்பிப் போட்டு முழுப் பூவாக்குவார். அதே மூளைதான். அந்தக் கார்ட்டூன்களைப் பார்த்துப் பல பேர் முகம் சுளித்தார்கள், அசைவே இல்லை என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அசைவு குறைந்த இடத்தைப் பேச்சும் குணமும் நிரப்பின. நான் சென்னையில் வரைந்ததும் அந்த வழியில் வந்த தொடர்களைத்தான்: தலை ஒரு கட்டு, உடம்பு ஒரு கட்டு, வாய் ஒரு கட்டு.

ராம் மோகனிடம் திரும்புகிறேன். யூகோ சாகோ என்னும் ஜப்பானியர் 1980களில் அலகாபாத் பக்கம் நடந்த அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்து, இராமாயணத்தில் மனம் போய், அதைக் கார்ட்டூன் படமாக எடுக்க முனைந்தார். அவரோடு ராம் மோகனும் கோய்ச்சி சசாகியும் இயக்கினார்கள். சுமார் 450 கலைஞர்கள். படம் 1992இல் முடிந்தது. வரைந்த கைகளில் பெரும்பாலானவை ஜப்பானில் இருந்தன. வேட்டி எப்படி மடிந்து விழும், பெரியவர்கள் காலில் பிள்ளைகள் எப்படி விழுந்து ஆசி வாங்குவார்கள் என்பதை இந்தியக் கலைஞர்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். வேட்டி மடிப்பு தெரியாத கையில் இராமன் கோட்டு போட்டவன் மாதிரி நடப்பான். 2025 ஜனவரியில் அந்தப் படத்தைத் துலக்கித் தமிழ்க் குரலோடும் தியேட்டர்களில் வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

ஆனால் அவர் செய்ததில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானது 'மீனா'.

1991 முதல் 2000 வரையான பத்தாண்டைப் பெண் குழந்தைகளின் பத்தாண்டாக சார்க் நாடுகள் அறிவித்திருந்தன. பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள், வயிறாரச் சாப்பாடு போடுங்கள் என்று சொல்ல யுனிசெஃப் ஒரு கார்ட்டூன் சிறுமியைத் தேடியது. உருவம் கொடுத்தவர் ராம் மோகன். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் என்று நான்கு நாட்டு ஊர்களிலும் ஜனங்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டுக் கேட்டு மாற்றினார்கள். இவள் யார் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறாள்? இந்தத் துணி உங்கள் ஊரில் உடுத்துவதுதானா? இந்தப் பெயர் உங்களுக்கு ஒட்டுமா? கடைசியில் எல்லா ஊரும் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்கிற முகம், உடை, பெயர். தம்பி ராஜு, மித்து என்று ஒரு கிளி.

முதல் கதையில் ராஜு பள்ளிக்கூடம் போகிறான். மீனா போகக் கூடாது, வீட்டு வேலை இருக்கிறது. அவள் கிளியை அனுப்புகிறாள். கிளி வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து வாய்ப்பாட்டைக் கேட்டு வந்து அவளிடம் ஒப்பிக்கிறது. அதை வைத்து எண்ணக் கற்றுக்கொண்ட மீனா, கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைவதைக் கண்டுபிடிக்கிறாள். திருடன் அகப்படுகிறான். அப்பாவுக்குப் புரிகிறது. கதை இவ்வளவுதான். இந்தப் படம் எங்கே வரையப்பட்டது தெரியுமா? மணிலாவில், ஹன்னா-பார்பெரா நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த ஸ்டுடியோவில். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வரைந்த அதே மேசைகளில் நம் ஊர் மாதிரியான ஒரு ஊரின் கோழிக் கூடும் மண் முற்றமும் விரிந்தன. மேசை அவர்களுடையதாக இருந்தாலும் கதையும் இயக்கமும் இங்கிருந்து போயின. 1993 முதல் வங்கதேசத் தொலைக்காட்சியில் தொடங்கிப் பல நாடுகளில் ஓடியது.

இன்னொரு கதையில் மீனாவும் ராஜுவும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். சாப்பாட்டில் தனக்கு மட்டும் ஏன் குறைச்சல் என்று அவள் கேட்டதில் வந்த விவகாரம். அவள் வேலை முழுவதையும் செய்து முடித்த ராஜுவுக்குச் சாயங்காலம் மீனாவின் பங்குச் சாப்பாடு கிடைக்கிறது. பசி அடங்கவில்லை.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது சென்னையில், வேலைக்குச் சேர்ந்த புதிதில். பார்த்துவிட்டு அழுதேன். எங்கள் வீட்டில் முட்டை அண்ணனுக்கு. இதை அம்மாவின் மேல் குறையாகச் சொல்லவில்லை, அவரும் அப்படி வளர்ந்தவர். என்னோடு எட்டாம் வகுப்பு படித்த இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவில்லை. ஒருத்தி மில்லுக்கு, ஒருத்தி தீப்பெட்டி ஒட்ட. அவர்களை நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை. எங்கோ பம்பாயில் உட்கார்ந்து ஒருவர் அவர்களைப் பார்த்திருக்கிறார் என்று அன்றைக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வேலையில் சேர்ந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல். அறுபதுக்கு மேலும் ஒருவரின் கை இப்படி ஒரு வேலையைச் செய்யும் என்றால், பதினேழு வயதில் அவசரப்பட என்ன இருக்கிறது?

பின்னர் மும்பையில் 2006இல் கிராஃபிட்டி என்ற பெயரில் பள்ளி தொடங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2014இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 11இல் காலமானார். இந்திய அனிமேஷனின் தந்தை என்று பத்திரிகைகள் எழுதின. நம் பக்கத்துப் பள்ளிக்கூடம் எதிலும் அந்தப் பெயரை ஒரு பிள்ளையாவது கேட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். வாரத்துக்கு மூன்று அரைநாள் வருகிற பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் எத்தனையைத்தான் சொல்லித் தருவார்கள்?

அவர் தொடங்கிய நாளிலிருந்து வழி அகலமாகியிருக்கிறது. திருவனந்தபுரத்து டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமனைத் தொடராக்கியது. ஹைதராபாத்தின் ராஜீவ் சிலகா 2008இல் கொண்டுவந்த சோட்டா பீமை நீங்கள் தமிழிலேயே பார்க்கிறீர்கள். சென்னையில் பென்டாமீடியா 2000இலேயே பாண்டவர் கதையை முப்பரிமாணப் படமாக எடுத்தது. 2007இல் சுட்டி டிவி வந்தபோது டோரா தமிழ் பேசினாள். அவள் மாதிரியே பேசிக்கொண்டு திரிந்த வாண்டுகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவள் போகிற வழியில் பாலமும் ஆறும் காடும் வரும். கண்மாய்க் கரையும், கரிசல் வெடிப்பும், குண்டாற்று மணலும், மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் டார்ச் அடித்துக்கொண்டு பூ எடுக்கிற பிள்ளைகளும் எந்தக் கார்ட்டூனிலும் இதுவரை என் கண்ணில் படவில்லை. அதை வரைகிறவர் உங்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இப்போது அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில். சங்கிலியை அடகு வைக்க வேண்டாம் என்றேன். படிக்க வைக்கலாம், தாராளமாக. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அதில் அனிமேஷனுக்குப் பட்டப்படிப்பு உண்டு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அகமதாபாத்தில் என்.ஐ.டி. இருக்கிறது, அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இவற்றில் எல்லாம் முதலில் பார்ப்பது உங்கள் கையை. எத்தனை மென்பொருள் தெரியும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தனியார் இடங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. சேருமுன் மூன்று காரியம் செய்யுங்கள். அங்கே சொல்லித் தருகிறவர் வரைந்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன வருஷம் முடித்த இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே பேசுங்கள். உயிருள்ள ஆளையோ மாட்டையோ பார்த்து வரைகிற வகுப்பு வாரத்தில் எத்தனை என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மென்பொருளுக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. பிளெண்டர் இலவசம். கிரிட்டா இலவசம். ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய மென்பொருளிலிருந்து வந்த ஓப்பன்டூன்ஸ் 2016 முதல் இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய 'ஃப்ளோ' லாட்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து வந்தது. வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு பூனையின் கதை, ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அதைச் செய்தது இதே பிளெண்டரில்தான். அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி அக்காவோ அண்ணனோ வைத்திருப்பார்கள். சின்னப் படம் செய்து பழக அதுவே போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் ஐந்து வருஷம் செய்த இடைப்பட வேலையைக் கம்ப்யூட்டரே போடத் தொடங்கிவிட்டது. முதல் படத்தையும் ஒன்பதாவதையும் கொடுத்தால் நடுவில் உள்ளதை அது நிரப்பும், இனி இன்னும் நன்றாக நிரப்பும். வெறும் இன்-பிட்வீன் வேலையை நம்பிப் போகிறவருக்கு வருங்காலம் கஷ்டம். முதல் படம் எது, ஒன்பதாவது படம் எது என்று முடிவு செய்கிறவருக்கு வேலை இருக்கும். முள்ளு வெட்டுகிறவர் அரிவாளை ஓங்குமுன் ஒரு நொடி தயங்குவார், கவனித்திருக்கிறீர்களா? பாம்பு கீம்பு இருக்குமோ என்று கிளையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்புறம்தான் வெட்டுவார். அந்தத் தட்டு எந்த இயந்திரத்துக்கும் தானாகத் தோன்றாது. பக்கத்தில் நின்று பார்த்த உங்களுக்குத் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகள் வரைந்தால், "கோலம் போடப் பழகு, அது போதும்" என்று நிறுத்திவிடாதீர்கள். என் வகுப்புக்கு ஐந்தாம் வகுப்புவரை பெண் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். எட்டாம் வகுப்பில் பாதியாகிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒருத்தியோ இருவரோ. அவர்கள் கையில் குறை ஒன்றும் வந்துவிடவில்லை.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் வகுப்பு கிடையாது. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற ஓர் அண்ணன் நம்மை வரச் சொல்லியிருக்கிறார். கருவேலங்கட்டையை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்ட மூட்டத்தை அன்றைக்குத்தான் பிரிக்கிறார். கரியை அள்ளிச் சாக்கில் கட்டி, குனிந்து, முட்டி போட்டு, தோளுக்கு ஏற்றி எழுந்திருப்பார். எழுந்திருக்கிற அந்த ஓர் அசைவைத்தான் வரையப்போகிறோம். எத்தனை தடவை வேண்டுமானாலும் தூக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் நாம் அவரை மூன்று தடவைக்கு மேல் சிரமப்படுத்தக் கூடாது. சாக்கு கனம்.

ஆளுக்கொரு பழைய தினசரி காலண்டர் கொண்டுவாருங்கள், சிவகாசியில் அடித்த சாதாரணக் காலண்டர், கிழிக்காமல் மிச்சமிருக்கிற தாள்களோடு. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். தாள் மெல்லிசு என்பதால் முதலில் போட்ட படம் அடுத்த தாளில் நிழலாகத் தெரியும், விளக்கு மேசை தேவைப்படாது. வருஷம் முழுக்கக் கிழிக்காத காலண்டர் கிடைத்தால் 365 தாள். விநாடிக்கு 12 என்றால் முப்பது விநாடிப் படம். கடைசித் தேதியிலிருந்து முன்னோக்கி வரைந்து வர வேண்டும், புரட்டும்போது கட்டைவிரலுக்கு அதுதான் வாகு. வரைவதற்குக் கரித்துண்டு அங்கேயே கிடைக்கும். மெல்லிசுத் தாளில் அது ஈஷும் என்பதால் முதலில் சாக்குத் தாளில் வரைந்து பார்த்துவிட்டு, பிறகு பென்சிலில் காலண்டருக்கு மாற்றுவோம். காலை ஆறரை மணிக்குப் பஸ். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்க வேண்டாம், எட்டு மணிக்கே வெயில் ஏறிவிடும்.

அன்புடன்,
தறிக்காரத் தெரு ஓவிய அக்கா